சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஏரிக்கரைகள்

சூளூர்பேட்டை என்றால் தில்லிக்கு நினைவுக்கு வருவது ஸ்ரீஹரிகோட்டா மட்டுமே. ராக்கெட் ஏவும் நாளில் அமைச்சர்களும் அதிகாரிகளும் அந்த ஊர் வழியாகத் தீவுக்குச் செல்வார்கள். மறுநாள் ஊரை மறந்துவிடுவார்கள். ஆனால், சென்னையிலிருந்து புறநகர் ரயிலிலேயே சென்றடையக் கூடிய அந்த ஊருக்கு வேறொரு முகமும் உண்டு. காளங்கி ஆறு பழவேற்காடு ஏரியில் சென்று கலக்கும் அந்த வட்டாரம், ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் வட்டாரம். அருகிலுள்ள நேலப்பட்டு ஏரியில் நீர்க்கடம்பு மரங்களின் மீது கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்த பூநாரைத் திருவிழா, 2025 ஜனவரியில் மீண்டும் நடைபெற்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள்.

பயிருக்காக வெட்டிய ஏரி, விடுமுறை நாளைக் கழிக்கும் இடமாகவும் ஆகிவிட்டது. இதில் தவறேதும் இல்லை. நகரத்து மனிதன் நீர்நிலையைத் தேடிச் செல்வது நல்லதே. ஆனால், அவன் ஏறி நிற்கும் மண்கரையின் உறுதிக்குப் பொறுப்பு யார், கலங்கலில் குளிக்க இறங்கும் அவனது பிள்ளையின் உயிருக்குப் பொறுப்பு யார் என்ற கேள்விகளுக்கு, நாடாளுமன்றம் இயற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் விடை இல்லை.

2019 ஆகஸ்ட் 2-ஆம் தேதி மக்களவையிலும், 2021 டிசம்பர் 2-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறிய இந்தச் சட்டம், 2021 டிசம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசர கால செயல் திட்டம், உரிமையாளர் தவறினால் தண்டனை என்று சட்டத்தில் நல்ல அம்சங்கள் பல உள்ளன. ஆனால், இவையெல்லாம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்குத்தான். 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவை என்றால், கரையின் நீளம் 500 மீட்டருக்குக் குறையாமலோ, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமலோ இருத்தல் போன்ற நிபந்தனைகளில் ஒன்றேனும் பொருந்த வேண்டும். 10 மீட்டருக்குக் கீழே இருப்பவை இந்த வரம்புக்குள் வருவதில்லை. நம் கிராமத்து ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை அந்த உயரத்தை எட்டுவதே இல்லை.

எண்ணிக்கையைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். சட்டத்தின் வரம்புக்குள் வரும் அணைகள் நாடு முழுவதும் ஆறாயிரத்துக்குச் சற்று அதிகம். 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட முதலாவது நீர்நிலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள நீர்நிலைகள் 24 லட்சத்துக்கும் மேல். ஆந்திரத்தில் மட்டும் ஏறத்தாழ 1.9 லட்சம், தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகம். இவற்றில் கரையே இல்லாத குளங்களும் குட்டைகளும் மிகுதி என்பது உண்மைதான். ஆயினும், மண்கரை எழுப்பி நீரைத் தேக்கியவை மட்டுமே பல்லாயிரக்கணக்கில் தேறும்.

ஆபத்து பெரிய அணைகளில்தானே என்று கேட்கலாம். மாநிலங்களவையில் மசோதா விவாதிக்கப்படுவதற்கு 13 நாள்களுக்கு முன், 2021 நவம்பர் 19-ஆம் தேதி, கடப்பை மாவட்டத்தில் செய்யாற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டது. புலபத்தூர், மண்டபள்ளி போன்ற கிராமங்கள் உருக்குலைந்தன, பலர் உயிரிழந்தனர். அன்றைய ஜல சக்தி துறை அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத், மதகுக் கதவுகளில் ஒன்று திறக்க முடியாமல் இருந்ததை அவையில் சுட்டிக்காட்டியே சட்டத்தின் தேவையை வலியுறுத்தினார். அதே வாரத்தில், திருப்பதிக்கு அருகே ராமச்சந்திராபுரத்தில் உள்ள ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டு, கீழ்ப்புறக் கிராம மக்கள் அவசரமாக வெளியேற்றப்பட்டனர். மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டுத்தான் கரை காப்பாற்றப்பட்டது. 2025 நவம்பரில், சூளூர்பேட்டை அடங்கிய அதே திருப்பதி மாவட்டத்தில், கே.வி.பி.புரம் மண்டலத்தில் அதே பெயர் கொண்ட வேறோர் ஏரி உடைந்தது. களத்தூர் கிராமத்துக்குள் வெள்ளம் புகுந்தது; கால்நடைகள் அடித்துச் செல்லப்பட்டன.

மண்கரை ஒரே இரவில் உடைந்ததாகச் செய்தி வரும். ஆனால், அதன் கேடு பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். மதகைச் சுற்றியுள்ள மண் இளகி நூலளவு நீர் கசியும். எலியும் நண்டும் குடைந்த வளைகள் வழியே அந்த நீர் மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறும். தெளிந்த கசிவு கலங்கிய கசிவாக மாறினால், கரை உள்ளுக்குள்ளேயே கரைகிறது என்று பொருள். மறுபுறம், கூடுதல் நீரைத் தேக்கும் ஆசையில் கலங்கலை உயர்த்தி அடைத்துவிடுவார்கள். பெருமழை பெய்தால் நீர் கரை மீது ஏறி வழியும். மண்கரையின் மீது நீர் வழிந்தால் சில மணி நேரம் போதும், கரை இருக்காது. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்து சுமார் 20 பேர் மாண்டபோது, மாநில அமைச்சர் ஒருவர் நண்டுகள் மீது பழியைப் போட்டார். கசிவு குறித்து முன்னரே புகார் தெரிவித்திருந்ததாகக் கிராம மக்கள் கூறினர். நண்டு வளை தோண்டத்தான் செய்யும். அதை அடைக்க வேண்டியவர் யார் என்பதே கேள்வி.

பொழுதுபோக்குக்கு வருவோரால் இந்தக் கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. கரை மீது கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடினால் தடம் பள்ளமாகும். பள்ளத்தில் மழைநீர் தேங்கிக் கரைக்குள் இறங்கும். வருவோருக்கும் ஆபத்து உண்டு. நீர் பாயும் மதகின் வாய், நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துக்கொள்ளும். கலங்கலுக்குக் கீழே நீர் சுழன்று புரளும் இடத்தில் விழுந்தவர் மேலே வருவது அரிது. 2022 ஜூனில் கடலூர் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணைப் பகுதியில் குளிக்கச் சென்ற ஏழு பெண்கள், அவர்களுள் பலர் சிறுமியர், மூழ்கி இறந்தனர். 2014 ஜூனில் இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் கல்லூரி மாணவர்கள் 24 பேர், லார்ஜி அணையிலிருந்து திடீரெனத் திறந்துவிடப்பட்ட நீரில் மாண்டனர். பெரிய அணையிலேயே எச்சரிக்கை முறை பயன்படாதபோது, காவலாளே இல்லாத ஏரியில் யார் எச்சரிப்பார்?

இத்தகைய துயரம் நேர்ந்தவுடன் அதிகாரிகள் எடுக்கும் முதல் முடிவு தடை உத்தரவு. ஒரு பலகை நடப்படும்; சில வாரங்களில் அது சாய்ந்துவிடும். தடை தீர்வாகாது. மனிதர் நடமாட்டம் இல்லாத கரையில் கசிவை முதலில் காண்பவரும் இருக்க மாட்டார். முன்பு நீர்க்கட்டி நாள்தோறும் கரையில் நடந்தார். மதகைத் திறப்பதும், வளையை அடைப்பதும், ஆபத்தென்றால் ஊரைக் கூட்டுவதும் அவர் பணி. ஊர் அவருக்கு நெல் அளந்தது. இன்று பல ஊர்களில் அந்தப் பணி இல்லை. ஏரியைத் தேடி வரும் மக்களின் பணத்தைக் கொண்டே அதை மீட்க முடியும்.

வாகன நிறுத்தக் கட்டணமும் திருவிழா வருவாயும் மாவட்டப் பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல், அந்தந்த ஏரியின் கரைக்கே செலவிடப்பட வேண்டும். ஒவ்வோர் ஏரிக்கும் சம்பளம் பெறும் காவலர் ஒருவர், ஆழம் காட்டும் கம்பம், மதகைச் சுற்றி வேலி, கரை மீது வாகனத் தடை, கலங்கல் பாயும் நாள்களில் குளிக்கத் தடை, கீழ்ப்புறக் கிராமங்களுக்கு அபாயச் சங்கு - இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. மாவட்டத்துக்கு 75 நீர்நிலைகள் என்று 2022-இல் மத்திய அரசு தொடங்கிய அம்ருத சரோவர் திட்டத்தில், நீர்நிலைகளின் கரையில் கொடியேற்றவும் மக்கள் கூடவும் ஊக்கமளிக்கப்பட்டது. மக்களைக் கரைக்கு அழைக்கும் அரசு, கரையை ஆய்வு செய்த சான்றிதழையும் மக்கள் முன் வைக்கக் கடமைப்பட்டது.

இதற்கு யார் சட்டம் இயற்றுவது? நீர்த்தேக்கம் மாநிலப் பட்டியலில் உள்ளது. அணைப் பாதுகாப்புக்கு மத்திய சட்டம் வேண்டும் என்று 2007-லேயே பேரவையில் தீர்மானம் நிறைவேற்றிய மாநிலம் ஆந்திரம். மாறாக, முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம் உரிமைகளைக் கருதித் தமிழ்நாடு அந்தச் சட்டத்தை எதிர்த்தது. மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கை மாநிலங்களவையில் தோற்கடிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் அச்சம் நியாயமானதே. ஆனால், மாநில உரிமை என்பது எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, செய்வதற்கும்தான். மத்திய சட்டம் கைவைக்காமல் விட்ட சிற்றேரிகள் முழுவதும் மாநிலங்களின் பொறுப்பில்தான் உள்ளன. அங்கே சட்டம் இயற்ற எந்த அவையும் தில்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நெல்லூரும் செங்கல்பட்டும் ஒரே மாகாணமாக இருந்த காலத்தில், 1858-இல் சென்னை மாகாணத்துக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வெள்ள உடைப்பைத் தடுக்க ஊராரை வேலைக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்தைக் கட்டாயமாக்கவும் அது அதிகாரம் அளித்தது. கட்டாய உழைப்பு இன்று ஏற்கத்தக்கதல்ல. ஆனால், ஏரிக்கரை உடைவது அரசின் கவலை என்பதை அந்நிய ஆட்சியே அன்று ஒப்புக்கொண்டது. சென்னையிலும் அமராவதியிலும் அமர்ந்திருக்கும் மக்கள் அரசுகள், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த அளவுக்காவது கவலைப்பட வேண்டும்.