ஐரோப்பாவின் கோடைப் பள்ளியும் குறிஞ்சாக்கேணியின் கவிகளும்

ஆண்டுதோறும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்கள் கோடைகால வகுப்புகளை நடத்துகின்றன. அயல்நாட்டு மாணவர்கள் சில வாரங்கள் அங்கே தங்கி, அந்நாட்டு மொழியையும் நாட்டார் பாடல்களையும் கதைகளையும் பழக்கவழக்கங்களையும் ஒருசேரக் கற்கின்றனர். எமது இளைஞர்களும் இவ்வகுப்புகளில் நாட்டம் கொள்ளத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும் இவற்றைப் பற்றிப் பேச்செழும்போது விசா கிடைக்குமா, பின்னர் தொழில் கிடைக்குமா என்னும் இரண்டு வினாக்களே எம்மிடம் முன்னிற்கின்றன. மொழியைக் கற்பிக்கப் புகுந்தவர்கள் கிராமத்துக் கிழவியின் பாட்டை ஏன் பாடநூலோடு சேர்த்து வைத்தார்கள் என்னும் மூன்றாவது வினாவை நாம் கேட்பதில்லை. கிண்ணியாவுக்கும் குறிஞ்சாக்கேணிக்கும் பயன் தரக்கூடிய விடை அந்த வினாவிலேயே அடங்கியுள்ளது.

அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கில ஆட்சியின் கீழ்த் தன் தாய்மொழியைப் பெரும்பாலும் இழந்துவிட்ட நாடு அது. அம்மொழி வீடுகளில் எஞ்சியிருந்த கிராமங்களிலேயே கோடைக் கல்லூரிகள் தோன்றின. 1904ஆம் ஆண்டு தென்பகுதிக் கிராமமொன்றில் ஆசிரியர்களுக்காக ஆரம்பிக்கப்பட்ட கல்லூரி இவற்றுள் முதலாவதாகும். இன்றும் அந்நாட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் அத்தகைய கிராமங்களுக்குச் சென்று, அங்குள்ள குடும்பங்களுடன் தங்கி, பகலில் மொழியையும் மாலையில் பாட்டையும் ஆடலையும் பயில்கின்றனர்.

அதே நாடு 1937 முதல் 1939 வரை மற்றொரு காரியத்தையும் செய்தது. ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பாடசாலைகளின் மேல்வகுப்பு மாணவர்கள் சுமார் 50,000 பேர், தத்தமது ஊரின் கதைகள், பாடல்கள், வைத்திய முறைகள், இடப்பெயர்கள் ஆகியவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டுக் கொப்பிகளில் எழுதினர். வாராந்தக் கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக இவ்வேலை வழங்கப்பட்டமையால் பிள்ளைகளுக்கு மேலதிகச் சுமை ஏற்படவில்லை. இன்று அக்கொப்பிகள் அந்நாட்டின் அரும்பொருளாகப் பேணப்படுகின்றன.

எஸ்தோனியாவின் கதையும் இத்தகையதே. ரஷ்யப் பேரரசின் ஆளுகையில் அச்சிறு நாடு இருந்த வேளையில், 1888ஆம் ஆண்டு யாக்கோப் ஹூர்ட் என்னும் போதகர் பத்திரிகைகள் வாயிலாக மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஊர்ப் பாடல்களையும் கதைகளையும் எழுதி அனுப்புமாறு அவர் கேட்டதற்கு ஆசிரியர்களும் விவசாயிகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செவிசாய்த்தனர். பின்லாந்திலோ எலியாஸ் லொன்ரொத் என்னும் வைத்தியர் கிராமங்கள் தோறும் நடந்து திரட்டிய பாடல்களிலிருந்து 1835இல் ‘கலேவலா’ என்னும் காவியம் உருவாயிற்று. 1849இல் அது 50 பாடல்களாக விரிந்தது. அதுகாறும் கற்றோர் அவையில் சுவீடிய மொழிக்குப் பின்னால் நின்ற பின்னிய மொழி, அக்காவியத்துக்குப் பின்னர் தலைநிமிர்ந்தது. 1917இல் அந்நாடு விடுதலை பெற்றதற்கு அரசியற் காரணங்கள் பல உண்டெனினும், தாம் ஒரு தனி மக்கள் என்னும் உணர்வை ஊட்டியதில் அப்பாடல்களுக்குப் பெரும் பங்குண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை.

இக்காவியத்துக்கும் எமக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. பின்லாந்தில் குடியேறிய இலங்கை எழுத்தாளர் உதயணன் என்னும் ஆர். சிவலிங்கம் கலேவலாவைத் தமிழில் கவிதையாகப் பெயர்த்தார். 1994இல் அந்நூல் வெளிவந்தது. பின்லாந்துக் கிராமத்துப் பாடல் ஈழத்தவர் ஒருவரின் உழைப்பால் எமது மொழிக்கு வந்து சேர்ந்துவிட்டது. குறிஞ்சாக்கேணியின் வயற்பாட்டோ இன்னும் குறிஞ்சாக்கேணிப் பாடசாலையின் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததாகத் தெரியவில்லை.

ஐரோப்பிய மொழிகளும் பண்பாடும் திருகோணமலைக்குப் புதியன அல்ல. 1620களில் போர்த்துக்கேயர் இங்கு கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இடையில் பிரான்சியரும் சில காலம் தங்கினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். துறைமுகத்தின் பொருட்டு வந்த இவர்கள் எமது நாவிலும் தடம் பதித்துச் சென்றனர். காலையில் நாம் உண்ணும் பாண், அமரும் கதிரை, அதன் முன்னுள்ள மேசை, காலில் அணியும் சப்பாத்து, கதவைப் பூட்டும் சாவி ஆகியன போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். முதியோர் இன்றும் கூறும் கந்தோர் ஒல்லாந்தச் சொல். இவற்றைப் பேசும் பிள்ளை, தான் ஏற்கெனவே ஐரோப்பிய மொழிப் பாடத்தின் முதற்பக்கத்தில் நிற்பதை அறிவதில்லை.

இதனினும் வியப்பானது பறங்கியர் சமூகத்தின் நிலை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் அச்சிறு சமூகத்தின் முதியோர் சிலரிடம் போர்த்துக்கேயக் கலப்புமொழி இன்னும் உயிருடன் இருக்கிறது. 2010களின் பிற்பகுதியில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கு வந்து, அவர்களது பேச்சையும் பாட்டையும் ஆடலையும் ஒலி, ஒளி வடிவில் பதிவுசெய்தனர். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் எமது அயலவரின் பாட்டுக்கு மதிப்புக் கொடுத்தனர். அதே கரையில் வாழும் நாம் அப்பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டோமா என்று எம்மையே வினவ வேண்டியுள்ளது.

இனி எமது சொந்தச் செல்வத்தைப் பார்ப்போம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே ‘கவி’ எனப்படும் நான்கடிப் பாடல்கள் வழங்கி வந்துள்ளன. வயலிலும் வரம்பிலும், தாலாட்டிலும் திருமண வீட்டிலும் பிறந்த பாடல்கள் அவை. களிகம்பும் றபானும் பக்கீர் பைத்தும் பழமொழிகளும் நொடிகளும் இச்செல்வத்தைச் சேர்ந்தவையே. களவெட்டியில் நெல்லைப் ‘பொலி’ என்றே கூறவேண்டும் என்னும் வழக்கைத் தமிழ் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் ஒருங்கே கைக்கொண்டனர். சமயத்தால் வேறுபட்டவர்களை ஒரே சொல்லில் சேர்த்துவைத்த களம் அது.

இச்செல்வம் கைமாறிவந்த வழிகள் பல அறுந்துவிட்டன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியாவைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. 2006இல் மூதூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். அறுவடை இயந்திரங்கள் வந்தபின் களவெட்டியின் தேவை மறைந்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் ஐயத்துடன் நோக்கிய ஆண்டுகளில், ஒருவர் பாட்டை மற்றவர் கேட்கும் வாய்ப்பும் அருகிற்று. இவற்றினிடையே குறிஞ்சாக்கேணிப் பிள்ளைகள் கல்விக்காகக் கொடுத்த விலையை மறக்கவியலாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி, பாலம் மீளமைக்கப்பட்டு வந்த வேளையில் மாற்றுவழியாக ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட சிறார்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். களப்பைக் கடப்பதே உயிராபத்தான பிள்ளைகளிடம் கடல் கடந்த கல்வியைப் பற்றிப் பேசுவோர், முதலில் பாதுகாப்பான பாதையையும் வீட்டருகே தரமான கல்வியையும் உறுதிசெய்தல் வேண்டும்.

கிழக்கின் நாட்டார் இலக்கியத்தை எவரும் தொகுக்கவில்லை என்று கூறுவது நன்றிகேடாகும். வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இலேயே வெளிவந்தது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கிராமியக் கவிகளையும் கதைகளையும் திரட்டியதில் நிந்தவூர் எஸ். முத்துமீரானின் உழைப்பு பெரிது. 2005 முதல் நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து ஆவணங்களைப் பேணி வருகின்றது. எனினும் இவையாவும் தனிமனிதர்களதும் தன்னார்வலர்களதும் தோள்களில் தங்கியிருக்கும் பணிகள். ஒரு பிரதேசத்தின் நினைவைக் காப்பதற்குப் பாடசாலையும் பல்கலைக்கழகமும் கைகோத்தாக வேண்டும்.

இங்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். பரீட்சைக்குப் பயன்படாத வேலை எதற்கு என்பது முதலாவது. அயர்லாந்து கட்டுரைப் பாடத்தையே இதற்காக ஒதுக்கிய முறை அதற்கு விடையாகும். தன் மூத்தம்மாவின் சொற்களைப் பிழையின்றி எழுதப் பழகிய மாணவன் பரீட்சைத் தாளில் பின்தங்கமாட்டான். காதற் கவிகளையும் பழைய சடங்குப் பாடல்களையும் கிளறுவது மார்க்கத்துக்கு உகந்ததா என்பது இரண்டாவது. இவ்வையத்தை இகழ்ந்து ஒதுக்குதல் முறையாகாது. எதைப் பாடுவது என்பது வேறு, முன்னோர் எதைப் பாடினர் என்று அறிந்து வைப்பது வேறு. தாலாட்டு, வயற்பாட்டு, இடப்பெயர்க் கதை, கைவைத்தியம் ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் எவர் மனமும் நோகாது. பெண்களிடம் பெண்களே கேட்பதும், பாடியவரின் சம்மதமின்றி எதனையும் வெளியிடாதிருப்பதும், பதிவின் ஒரு பிரதி ஊரிலேயே இருப்பதும் கட்டாய விதிகளாக வேண்டும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் முன்வந்தால், கச்சான் வீசும் மாதங்களில் கிண்ணியாவில் இரண்டு வாரக் கோடைப் பள்ளி ஒன்றை நடத்துவது இயலாத காரியமன்று. காலையில் போர்த்துக்கேயம், பிரெஞ்சு, ஜேர்மன் போன்ற மொழியொன்றில் அறிமுகப் பாடம். மாலையில் முதியோர் வீடுகளில் பதிவு வேலை. தமிழ், முஸ்லிம், சிங்கள, பறங்கிய மாணவர்கள் கலந்த சிறு குழுக்கள் அதற்குப் போதும். பதிவுக்கு இன்று பெரிய கருவிகள் தேவையில்லை. கையடக்கத் தொலைபேசியே போதுமானது. பிரதேச செயலகமும் பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் இடமும் ஆதரவும் நல்கலாம்.

முதற்பாடத்தை ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். குறிஞ்சா என்னும் கொடியும் கேணி என்னும் நீர்நிலையும் அப்பெயரில் ஒலிக்கின்றன. அது எப்படி வந்தது என்று ஊர் முதியோர் கூறும் கதைகளை எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்? அவ்வினாவுடன் இவ்வாண்டு விடுமுறையிலேயே சில வீடுகளின் கதவைத் தட்டுதல் வேண்டும். ஐரோப்பா செல்லும் வாய்ப்புப் பெறுவோர் சென்று கற்று வரட்டும். அம்முறையை இங்கு நடைமுறைப்படுத்துவது அவர்களது கடமையாகட்டும். விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் நாம் காத்திருக்கலாம். அம்மம்மாமாரும் மூத்தம்மாமாரும் அத்தனை காலம் காத்திருக்கமாட்டார்கள்.