மெதுவாகப் போகத் தெரிந்தவர்

ரயில்வே ஸ்டேஷனில் எல்லா இன்ஜினுக்கும் குழந்தைகள் டாட்டா காட்டும். ஷண்டிங் இன்ஜினுக்கு மட்டும் காட்டாது. காட்டியும் பிரயோஜனமில்லை. இரண்டு நிமிஷத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கும்!

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், ஷண்டிங் இன்ஜின் ஒரு அக்கவுண்டன்ட். யார்டில் கிடக்கிற பெட்டிகளைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, கோர்த்து, பிளாட்பாரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் பெரிய இன்ஜின் வந்து, பந்தாவாகக் கூவிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பும். எம்.டி.க்களும் இப்படித்தான்.

எங்கள் சிறுசேரிக்கும் ரயிலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ரயிலைப் பார்க்க வண்டலூர் பக்கம் போகவேண்டும். (அப்படியே புலியையும் பார்த்துவிட்டு வரலாம்.) ஆனால், எங்கள் அபார்ட்மென்ட் இரண்டாவது மாடியில் ஒரு யார்டே இருக்கிறது. ரயில்வேயில் ஷண்டராக இருந்து ரிடையரான பெரியவர் வீடு அது. பையன் சிப்காட்டில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்ட, அப்பா வீட்டில் அட்டை, பசை, பிளேடோடு மல்லுக்கட்டுகிறார். செய்துகொண்டிருப்பது டபிள்யூ.டி.எஸ்.-4 மாடல்.

பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். டபிள்யூ என்றால் அகலப்பாதை, டி என்றால் டீசல், எஸ் என்றால் ஷண்டிங். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் டீசல் இன்ஜின் ரயில்வேக்குள் காலடி வைத்ததே கொல்லைப்புற வேலைக்குத்தான். நியூயார்க்கில் ரயில்கள் கரிப்புகை விடக்கூடாது என்று 1923-ல் சட்டம் போட்டார்கள். 1925-ல் நியூ ஜெர்சி ரயில் கம்பெனி ஒன்று 300 குதிரைசக்தி டீசல் ஒன்றை வாங்கி யார்டில் விட்டது. நம்பர் 1000. பார்க்கத் தகர டப்பா மாதிரி இருக்கும். 1957 வரை உழைத்தது. இப்போது பால்டிமோர் மியூசியத்தில் பென்ஷன் வாழ்க்கை.

நம் நாட்டுக்கு 1944-45-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்த 15 ஷண்டிங் டீசல்கள் வந்தன. அடுத்து ஜெர்மனியிலிருந்து சில. 1968-லிருந்து நம் சித்தரஞ்சன் தொழிற்சாலையே டபிள்யூ.டி.எஸ்.-4 செய்ய ஆரம்பித்தது.

“டீசல் உடம்பு, ஸ்டீம் காலு தம்பி” என்கிறார் பெரியவர். நிஜம்தான். உள்ளே ஓடுவது டீசல். வெளியே மூன்று ஜோடிச் சக்கரங்களையும் கோர்த்துக்கொண்டு நீளமாக ஒரு தடி. உருளுகிறதா, நடக்கிறதா என்று சந்தேகம் வரும்.

மாடல் 87-ல் ஒரு பங்கு. அங்கேதான் வம்பு. அந்த அளவுக்குக் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லி மீட்டர் அகலம். அது வெள்ளைக்காரர் பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதை 1,676 மில்லி மீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.26. ஆகவே, ஐயா தண்டவாளத்தையும் சொந்தமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

“2.76 மில்லி மீட்டர்தானே சார்? யாருக்குத் தெரியப்போவுது?”

“87-ஆல பெருக்குங்க, பி.காம்!”

பெருக்கினேன். 24 சென்டி மீட்டர்.

“ஒரு ஜாண்! யார்டுல ஒரு ஜாண்னா என்னன்னு தெரியுமா?”

சொன்னார். இன்ஜின் வந்து பெட்டியை ஒட்டி நின்றதும், பாயிண்ட்ஸ்மேன் பஃபருக்குக் கீழே குனிந்து இரண்டுக்கும் நடுவே போவார். கொக்கியைத் தூக்கி மாட்டி, திருகி இறுக்கிவிட்டு வெளியே வருவார். அவர் உள்ளே இருக்கிறவரை ஷண்டர் கண்ணுக்குத் தெரியமாட்டார். தெரிவதெல்லாம் பகலில் ஒரு கொடி, ராத்திரியில் ஒரு கைவிளக்கு. அதை நம்பி 60 டன் இன்ஜினை ஒரு ஜாண் நகர்த்த வேண்டும். ஒன்றரை ஜாண் நகர்ந்துவிட்டால்...

அதற்குமேல் சொல்லவில்லை. பசையைத் தடவ ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “வேகமா ஓட்றது யாருக்கும் வந்துரும் தம்பி. மெதுவா ஓட்றதுதான் வித்தை” என்றார்.

இப்போது அந்தச் சின்ன இன்ஜின்கள் யார்டுகளில் கண்ணில் படுவதே அபூர்வம். 2019-ல் ஓட ஆரம்பித்த வந்தே பாரத்துக்கு இரண்டு முனையிலும் டிரைவர் கேபின். இன்ஜினைக் கழற்றி மாட்டுகிற வேலையே இல்லை. எல்.ஹெச்.பி. பெட்டிகளின் கப்ளிங் தானே கவ்விக்கொள்கிறது. ஆனாலும் காற்றுக் குழாய் மாட்ட, கழற்ற ஆள் நடுவே போகத்தான் வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில் பீகாரின் பரௌனி ஸ்டேஷனில் ஓர் ஊழியர் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் நசுங்கி உயிரை விட்டார். அது பழைய காலத்துக் கதை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

போன வாரம் மாடல் முடிந்தது. சொந்தத் தண்டவாளத்தில் கம்பீரமாக நிற்கிறது. பக்கத்தில் இரண்டு சென்டி மீட்டர் உயரத்தில் கொடியோடு ஒரு பாயிண்ட்ஸ்மேன். பெட்டிக்கு நடுவே இல்லை. வெளியே, கேபினிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிற இடத்தில்.

“மில்லி மீட்டர் பிசகக் கூடாதுன்னீங்களே சார், இவரு உள்ளே இல்ல நிக்கணும்?”

“அது மட்டும் என் இஷ்டம்” என்றார்.