மருந்து கொடுக்கும் கைக்கு ஊருக்கொரு கூலியா?

டாக்டர் பார்க்கிறார், எழுதுகிறார். மருந்தைக் கொடுப்பது யார்? நம் நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் மருந்துக்கடை தேடி ஓட வேண்டியதில்லை. பார்த்த இடத்திலேயே மருந்தும் கிடைக்கும். 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் டாக்டருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால் மாத்திரையை எண்ணிப் பொட்டலமிட்டு, "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதி, பாட்டிக்குத் தமிழிலும் பக்கத்தில் நிற்பவருக்கு மலாயிலும் விளக்குகிறவர் உதவியாளர்தான். பினாங்கு லிட்டில் இந்தியாவில் புடவைக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவே உள்ள கிளினிக்கிலும் இதே வேலை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் இதே வேலை. இனிப்பு நீர் மாத்திரையும் இரத்தக் கொதிப்பு மாத்திரையும் ஆள் மாறிப் போனால் என்ன நடக்கும் என்று நாம் சொல்லித்தானா வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்?

வேலை ஒன்று. கூலி ஒன்றா?

2020 பிப்ரவரி முதல் தேதி அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை இரண்டாகப் பிரித்தது. மாநகர் மன்ற, நகராண்மைக் கழக எல்லைக்குள் மாதம் 1,200 வெள்ளி. மற்ற இடங்களில் 1,100. பினாங்கு மாநிலம் முழுதும் இரண்டு மாநகர் மன்றங்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே லிட்டில் இந்தியா உதவியாளருக்கும் செபராங் பிறை தோட்டத்து உதவியாளருக்கும் 1,200. எல்லை தாண்டிக் கெடாவில், மாவட்ட மன்றத்தின் கீழுள்ள பாலிங் பக்கம் போனால் 1,100! 2022 ஏப்ரல் முடிய 27 மாதம் இந்த நிலை நீடித்தது. அடிமட்டச் சம்பளத்தில் இருந்தவருக்கு மொத்தம் 2,700 வெள்ளி வித்தியாசம். இது ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு ஐயா, சில்லறைக் காசா?

பட்டணத்தில் வாடகை அதிகம் என்பார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்து லயத்தில் இருப்பவர் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றாமல் ஒரு கிலோ மீன் வாங்க முடியுமா? பஸ் எத்தனை மணிக்கு ஒன்று? வெள்ளைக்காரன் காலத்து நிர்ணயக் கூலியைப் பாருங்கள். 1920-களின் கடைசியில் எளிதில் போகக்கூடிய கடலோரப் பகுதியில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 50 காசு. உள்ளடங்கிய பகாங் பகுதியில் 58 காசு. துரைமாரின் தயாள குணத்தை நாம் பாடவில்லை. பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்தவர்கள்தான் அவர்கள். ஆனால் தூரத்து ஊரில் அரிசி விலை கூடும் என்ற கணக்காவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வேலையின் பாரத்தையும் யோசிக்க வேண்டும். பட்டணத்து உதவியாளருக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த அறையில் டாக்டர். தோட்டத்திலோ டாக்டர் குறித்த நாளில் வந்து போகிறவர். நடுராத்திரியில் பாம்பு கடித்தவனைக் கொண்டு வந்தால் டிரெஸ்ஸரும் உதவியாளருமே கதி.

2013-இல் தீபகற்பத்துக்கு 900, சபா, சரவாக், லாபுவானுக்கு 800 என்றுதான் இந்தச் சட்டச் சம்பளம் தொடங்கியது. 2019-இல் எல்லோருக்கும் 1,100 ஆனது. மறு ஆண்டே மறுபடி பிளந்தார்கள். 2022 மே முதல் 1,500, 2025 பிப்ரவரி முதல் 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்போருக்கு 2025 ஆகஸ்டு வரை தவணை கொடுத்தார்கள். இன்று எந்த ஊரானாலும் 1,700-தான். நல்லது.

இருந்தாலும் தரை சமமாகிவிட்டது என்று இருந்துவிடலாமா? நேற்று வந்த பிள்ளைக்கும் 1,700. பதினைந்து வருடம் மருந்து கொடுத்தவருக்கும் 1,700 அல்லது ஐம்பது கூட என்றால் அனுபவத்துக்கு என்ன மரியாதை? கிராணிமார்களுக்கு இது நன்றாகவே புரியும். மருந்தைத் தொடும் பொறுப்புக்கு ஒரு படி, டாக்டர் இல்லாத ஊரில் வேலை செய்வதற்கு ஒரு படி, வருடத்துக்கு இவ்வளவு உயர்வு என்று எழுத்தில் வேண்டும் என்பதே நமது கட்சி.

அதுவரை உதவியாளர்கள் இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்கட்டும். 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். ஓவர்டைமையும் சாப்பாட்டுப் படியையும் கூட்டி 1,700 காட்டியிருந்தால் அது கணக்கல்ல. சீட்டைக் கிளைக்குக் கொண்டு வரட்டும்; தொழிலாளர் இலாகாவுக்கு மனு எழுத நம்மிடம் ஆள் இருக்கிறது.