பெருவாளும் அதன் சிதைந்த பெயரும்

நீண்ட வாள் எதனைக் கண்டாலும் 'கிளேமோர்' என்று அழைப்பது இன்று பலர்க்கும் வழக்காகிவிட்டது. திரைப்படக்காரர் செய்யும் இப்பிழையை வரலாறு எழுதப் புகுந்தாரும் செய்வது இரங்கத்தக்கது.

'கிளேமோர்' ஆங்கிலச் சொல் அன்று. இசுக்காட்லாந்து மலைநாட்டாரின் கேலிக் மொழியில் 'கிளையவ்' என்பது வாள். 'மோர்' என்பது பெரிது. பெருவாள் என்னும் அச்சொற்றொடரை ஆங்கிலர் தம் வாய்க்கேற்பச் சிதைத்தனர். 18ஆம் நூற்றாண்டில் ஒரு கையாற் பிடிக்கும் கூடைப்பிடி வாளுக்கும் அதுவே பெயராய் வழங்கலாயிற்று. இருகையாற் பிடிப்பதற்குக் 'கிளையவ் தா லாய்வ்', அஃதாவது இருகை வாள், என்னும் தெளிந்த பெயர் கேலிக்கில் உண்டு. அதனைக் கேட்டறிவார்தாம் இலர்!

மலைநாட்டு இருகை வாளை அடையாளங் காண்பது அரிதன்று. அதன் குறுக்குக் காப்பின் இரு கைகளும் அலகை நோக்கிச் சாய்ந்திருக்கும். அவற்றின் முனைகளில் நான்கிதழ்ப் பூப்போன்ற வளையங்கள் அமைந்திருக்கும். நீளம் ஏறத்தாழ 140 செ.மீ.; எடை இரண்டரைக் கிலோ அளவினது. 16ஆம் நூற்றாண்டுச் செருமானியக் கூலிப்படையினரின் வாளோ வேறு. அதன் காப்பில் பக்க வளையங்கள் இருக்கும். காப்பை அடுத்துக் கூர்தீட்டாத அலகுப் பகுதியும், அதன் முடிவில் இருபுறமும் கொம்புபோல் நீட்டிய தடுப்புகளும் இருக்கும். அது 170 செ.மீ. கடப்பதும், 3 கிலோவை மிஞ்சுவதும் உண்டு. போர்க்களத்தில் பத்துக் கிலோ வாளைச் சுழற்றினர் என்பது வெறும் புனைவு. அத்தகைய வாளைத் தூக்கியவன் இரண்டாம் வீச்சுக்கு உயிரோடு இருந்திரான்.

இசுட்டெர்லிங்கு நகரையடுத்த நினைவு மாடத்தில் 1888இல் வைக்கப்பட்ட 'வாலசின் வா'ளும் இவ்வாறே ஆராயத்தக்கது. வில்லியம் வாலசு கொல்லப்பட்டது 1305இல். அவ்வாளின் வடிவோ அவன் காலத்துக்குப் பிற்பட்டது என்பதே ஆய்ந்தார் முடிபு. மலைநாட்டு வாளுக்குரிய சாய்ந்த காப்பும் நான்கிதழும் அதில் இல்லை. விடுதலை மறவன் பெருமைக்கு இதனால் இழுக்கொன்றுமில்லை. பொய்யான சான்றை அவன்மேல் ஏற்றுவதே இழுக்கு.

கல்லோடன் போரில் மலைநாட்டார் தோற்ற 1746ஆம் ஆண்டிலேயே அவர்தம் படைக்கலங்களைப் பறிக்கச் சட்டம் வந்தது. இதனைப் பலரும் எழுதுவர். பள்ளியில் கேலிக்கு இடமே தராத 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை எத்துணைப் பேர் எழுதினர்? வாளைக் கண்ணாடிப் பேழையுள் காத்து, அதற்குப் பெயரிட்ட மொழியைப் புறந்தள்ளியதை யார் கேட்டனர்?

அருங்காட்சியகங்களில் இவ்வாளருகே கேலிக் பெயரே முதலில் எழுதப்படவேண்டும். ஆங்கிலம் அதன்கீழ் நிற்கட்டும். தமிழில் எழுதுவார்க்கோ இத்தொல்லையும் இல்லை. 'இருகை வாள்' என்றாலே அம்மக்கள் இட்ட பெயரின் பொருள் முழுதும் வந்துவிடும்.