ஆரல்வாய்மொழிக்கு எத்தனை வாளி வெந்நீர்?

சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கப் போகிறவரிடம் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "தட்டா, குழாயா?" இரண்டாவது கேள்வி, "வீட்ல எத்தனை பேரு?" நாலு பேர் என்று சொன்னால் ஆளுக்கு 50 லிட்டர், ஆகமொத்தம் 200 லிட்டர் என்று தாளில் எழுதியாகிவிடும். மூன்றாவது கேள்வி கிடையாது. நேரே அட்வான்ஸ்தான்.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. காலையில் எத்தனை வாளி வெந்நீர் வேண்டும், எவ்வளவு சூட்டில் வேண்டும்? இதைக் கடைக்காரர் கேட்கமாட்டார். கேட்டால் வியாபாரம் பாதியாகிவிடும். வாங்குகிறவரும் யோசிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊர்க்காரர்கள், மொட்டைமாடியில் ஏறப் போகிற இருபது முப்பதாயிரம் ரூபாய்ச் சாமானைப் பற்றி அதிலுள்ள ஸ்டிக்கரைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

விளம்பரத் தாள்களில் தவறாமல் வரும் ஒரு வரி இருக்கிறது. 100 லிட்டர் சோலார் ஹீட்டர் ஆண்டுக்கு 1500 யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று. இது கடைக்காரர்களின் கற்பனை அல்ல. மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே பரப்பிய எண். "1500 யூனிட் வரை" என்பதுதான் அதன் சரியான வடிவம்; அந்த "வரை" ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்து சேர்வதற்குள் எங்கோ காற்றில் பறந்துவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். 100 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 0.116 யூனிட் வேண்டும். 1500 யூனிட்டை 300 நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 5 யூனிட். அந்த 5 யூனிட், 100 லிட்டர் தண்ணீரை 43 டிகிரி உயர்த்தும். டெல்லியில் ஜனவரி மாதம் தொட்டித் தண்ணீர் 15 டிகிரியில் கிடக்கும்போது அதை 58-க்கு ஏற்றுவது நியாயமான வேலை. ஆரல்வாய்மொழியில் மார்கழி மாதத்திலும் காற்றின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கிணற்றுத் தண்ணீர் விடியற்காலையிலேயே வெதுவெதுப்பாக இருக்கும். அதை 28 டிகிரி என்று வைத்தால், 28-உம் 43-உம் 71 டிகிரி. 71 டிகிரியில் யார் குளிப்பது? கோழி இறகு பிடுங்கத்தான் சரியாக இருக்கும்.

மனிதர் குளிக்க 40 டிகிரி போதும். அதாவது 12 டிகிரி உயர்த்தினால் போதும். 100 லிட்டருக்கு 1.4 யூனிட். பங்குனி, சித்திரை, வைகாசியில் வெந்நீர் கேட்பவர் யாருமில்லை. ஆண்டுக்கு 200 நாள் என்று தாராளமாகவே வைத்தாலும் 280 யூனிட்தான் வருகிறது. விளம்பரம் சொல்வது 1500. யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று போட்டால் ஆண்டுக்கு மிச்சம் 1400 ரூபாய். குழாய் வகை இருபதாயிரத்தை ஒட்டி விற்கிறது, தட்டு வகை அதைவிடக் கணிசமாகக் கூடுதல். இருபதாயிரத்தை 1400-ஆல் வகுத்தால் பதினாலு வருடம்! மூன்று நாலு வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று சொல்கிறவர்கள் எந்த ஊர்த் தண்ணீரை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

"ஹீட்டரில் வருவது 60 டிகிரித் தண்ணீர், அதில் பச்சைத் தண்ணீர் கலந்துதானே குளிக்கிறார்கள்?" என்று மடக்குவார்கள். ரொம்ப சரி. 28 டிகிரித் தண்ணீரோடு கலந்தால், 100 லிட்டர் 60 டிகிரி வெந்நீர் 267 லிட்டர் குளிக்கிற வெந்நீராகப் பெருகும். 20 லிட்டர் வாளியில் பதின்மூன்று வாளி. நாலு பேருக்கு நாலு வாளி. மிச்சம் ஒன்பது வாளியை என்ன செய்வது? அப்புறம் 200 லிட்டர் எதற்கு? மழை மூட்டமான நாளில் 60 ஏறாது, 40-தான் ஏறும் என்பது உண்மை. அப்போதும் 100 லிட்டரில் ஐந்து வாளி இருக்கிறது.

இதைவிடப் பெரிய அபத்தம் சட்டகத்தின் சாய்வு. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் ஹீட்டர் தெற்கு பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆரல்வாய்மொழி இருப்பது ஏறத்தாழ எட்டேகால் டிகிரி வட அட்சத்தில். அங்கே ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் முடிய நண்பகல் சூரியன் தலைக்கு *வடக்கே* நிற்கும். ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 15 டிகிரி வடக்கே. வெளியூரிலிருந்து மொத்தமாக வாங்கிய 45 டிகிரிச் சட்டகத்தில் தெற்கு பார்த்துக் குழாயை மாட்டினால், அன்றைய நண்பகல் வெயிலில் பாதிதான் அதற்குக் கிடைக்கும். 30 டிகிரி என்றால் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. 18 டிகிரிக்குச் சாய்த்தால் 84 சதவீதம். மார்கழியிலும் அந்தச் சாய்வுக்குக் கேடில்லை. தெற்கே 32 டிகிரி போய்விட்ட சூரியனை அது கிட்டத்தட்ட நேருக்கு நேர் பார்க்கும். ஆனி ஆடியில் மலையிறங்கி வரும் சாரலும் காற்றும்தான் அந்த ஊரில் வெந்நீரைத் தேட வைக்கிற காலம். சரியாக அந்தக் காலத்தில் வெயிலுக்குப் புறமுதுகு காட்டுகிற மாதிரிப் பொருத்திவிட்டு, "மழைக்காலம்ல, அப்படித்தான் சார் இருக்கும்" என்பது என்ன நியாயம்?

சரி, தட்டா குழாயா. இந்தச் சண்டையில் இரு தரப்பும் சொல்லும் பாதி உண்மைகளைச் சேர்த்தால்கூட முழு உண்மை வருவதில்லை.

வெற்றிடக் குழாய் குளிருக்குப் பிறந்த பிள்ளை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள், நடுவே வெற்றிடம், உள் குழாயின் மேல் வெயிலை விழுங்கிச் சூட்டை வெளியே விடாத பூச்சு. 1980களில் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் யின் ஜிசியாங் உருவாக்கிய அலுமினிய நைட்ரைடு பூச்சுதான் அதை மலிவாக்கிச் சீனக் கிராமங்கள் வரை கொண்டுபோனது. வெளியே உறைபனி, உள்ளே 60 டிகிரி என்கிற இடத்தில் அதற்கு நிகர் கிடையாது. வெளியே 29, உள்ளே 45 என்கிற இடத்தில் அந்த வெற்றிடத்துக்கு வேலையே இல்லை. தட்டு வகையில் செம்புத் தகடு, அதன் மேல் ஒரே ஒரு கண்ணாடி. வெப்ப வித்தியாசம் குறைவாக இருக்கும் ஊரில் அது குழாய்க்கு ஈடுகொடுக்கும், பல சமயம் முந்தவும் செய்யும்.

ஆனால் காற்று? ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளே அதை நம்பித்தான் நிற்கின்றன. தட்டின் கண்ணாடி மேல் காற்று அடித்தால் சூடு போகும்; குழாய்க்கு அந்த நஷ்டம் இல்லை. தட்டு பாய்மரம் மாதிரிக் காற்றை வாங்கும். குழாய்களுக்கு இடையே காற்று நுழைந்து போய்விடும். இதெல்லாம் குழாய்க்குச் சாதகம்தான், மறுப்பதற்கில்லை. உப்புத் தண்ணீர் விஷயமும் அப்படியே. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற போர் தண்ணீர் என்றால், தட்டுக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் குழல்கள் சில வருடத்தில் அடைத்துக்கொள்ளும். அங்கே கழற்றிக் கழுவக்கூடிய கண்ணாடிக் குழாய்தான் பிழைக்கும்.

குழாய்க்காரர்கள் சொல்லாமல் விடுவது வேறு ஒன்று. குழாய் நேரடியாகத் தொட்டியில் செருகியிருக்கும். ஒரு குழாய் உடைந்தால் தொட்டித் தண்ணீர் மொத்தமும் மாடியில். தட்டின் கண்ணாடி உடைந்தாலும் அது பாட்டுக்குச் சுடவைத்துக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியம், முறைவைத்துத் தண்ணீர் வரும் தெருக்கள். மேல்தொட்டி காலியாகி, குழாய்கள் வெறுமையாக வெயிலில் காய்ந்தால் உள்ளே 200 டிகிரி வரை ஏறும். மத்தியானம் மோட்டார் போட்டதும் அதில் பச்சைத் தண்ணீர் இறங்கினால்... படீர்தான். "கேரண்டி உண்டா?" என்று கேட்கிறவர்கள், தண்ணீரில்லாமல் உடைந்தால் கேரண்டி உண்டா என்று கேட்பதில்லை.

ஆக, நல்ல தண்ணீரும் தொட்டியில் எப்போதும் இருப்பும் உள்ள வீட்டுக்கு, 18 டிகிரிச் சாய்வில் காற்றுக்கு அசையாமல் காரையில் போல்ட் போட்ட 100 லிட்டர் தட்டு. ஐ.எஸ். 12933 முத்திரை பார்த்து வாங்கலாம். போர் தண்ணீர் வீட்டுக்கு 100 லிட்டர் குழாய். இரண்டுக்கும் மேலே, வீட்டில் கைக்குழந்தையோ முட்டுவலிக்காரரோ இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்பதும் ஒரு மரியாதையான பதில். அந்தப் பதிலைச் சொல்ல எந்தக் கடையிலும் ஆள் கிடையாது.

அரசாங்கம் இதில் செய்த குழப்பம் தனி. 2010-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தித் திட்டம் 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடுகள் என்று இலக்கு வைத்து, ஹீட்டர்களுக்கு 30 சதவீத மானியம் கொடுத்தது. 2014-ல் பெரும்பாலான மாநிலங்களுக்கு அது நின்றுபோனது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டமோ மின்தகடுகளுக்கு மட்டும். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், அதிகபட்சம் 78,000. பெங்களூரின் குளிர்ந்த காலைகளுக்கும் ஆரல்வாய்மொழியின் வெதுவெதுப்பான காலைகளுக்கும் ஒரே மானியம், ஒரே விளம்பரம், ஒரே 1500 யூனிட். டெல்லியிலிருந்து பார்த்தால் தெற்கு எல்லாம் ஒன்றுதான் போல.

மின்தகடு போட்டவர்கள் இப்போது "கீசர் போதும், ஹீட்டர் எதற்கு?" என்கிறார்கள். வெயிலில் பாதிக்குமேல் வெப்பமாக மாற்றுவது ஹீட்டர், ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குவது தகடு. ஆனாலும் அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சூடு மிஞ்சினால் கொட்டத்தான் வேண்டும், மின்சாரம் மிஞ்சினால் கம்பி வழியே போகும். ஒரு கிலோவாட் தகடு வெயில் நாளில் நாலு யூனிட் சுமாருக்குத் தரும், குளியலுக்கு 1.4 போக மீதி மிக்சிக்கும் மின்விசிறிக்கும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டி விலையேறிய படிக்கட்டில் நிற்கும் வீடுகளுக்கு இது கணக்காகவே வரும். அதைத் தாண்டாத வீட்டுக்கு, முதல் 100 யூனிட் 2016-லிருந்து இலவசமாகவே வருகிற வீட்டுக்கு, தகடும் தட்டும் இரண்டுமே கடன்தான்.

இந்த விவாதம் எதிலும் வராத வீடுகள் உண்டு. கொதும்பும் மட்டையும் சிரட்டையும் போட்டுக் கொல்லைப்புற அடுப்பில் வெந்நீர் வைக்கிற வீடுகள். எரிபொருளுக்குக் காசு இல்லை என்பதால் யாரும் அதைச் செலவாகக் கணக்கில் எடுப்பதில்லை. புகையும், அதிகாலை எழுந்து ஊதுகிற பெண்ணின் மூச்சும் யூனிட்டில் வராதவை. முப்பது சதவீத மானியம் இருந்த நாலு வருடத்திலும் அது இந்த வீடுகளுக்குப் போயிருக்க வழியில்லை. மீதி எழுபது சதவீதத்தையும், காங்கிரீட் கூரையையும், மேல்தொட்டியையும் வைத்திருப்பவருக்கே அந்த மானியம். அவரிடம் ஏற்கெனவே கீசர் இருந்தது.

செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு வெந்நீர் தேவைப்படுவது விடியற்காலையில் அல்ல, சாயங்காலம். சோலார் ஹீட்டரின் விலையில் பெரும்பகுதி இரவு முழுக்கச் சூட்டைக் காப்பதற்கான தொட்டிக்கும் அதன் உறைக்கும் போகிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் 1891-ல் காப்புரிமை வாங்கிய முதல் ஹீட்டரில் அதெல்லாம் கிடையாது. கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கறுப்புத் தொட்டிகள், அவ்வளவே. இரவில் ஆறிப்போகிறது என்ற குறையைத் தீர்க்க 1909-ல் வில்லியம் பெய்லி தொட்டியைத் தனியே பிரித்து வீட்டுக்குள் வைத்தார். இன்று விற்பதெல்லாம் பெய்லியின் பேரப்பிள்ளைகள். சாயங்காலம் குளிக்கிறவருக்குக் கெம்பே போதும். ஒரு அங்குல உள்விட்டமுள்ள கறுப்பு ஹோஸ் 100 மீட்டர் சுருட்டினால் அதற்குள் 50 லிட்டர் நிற்கும், இரண்டரை வாளி. வெறுமனே கூரையில் போட்டால் ஆரல்வாய்மொழிக் காற்று சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும்; மரப்பெட்டியும் மேலே பழைய ஜன்னல் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். வெயில் நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதைத் திறந்தால் குளிக்கிற சூட்டில் தண்ணீர் வரும். ஆறு மணிக்குள் குளித்துவிட வேண்டும், அதற்கு மேல் ஆற ஆரம்பித்துவிடும்.