இல்லத்துச் செட்டு

பொருளின்றி இவ்வுலக வாழ்க்கை நடைபெறாதென்பதை யாவரும் அறிவர். அப்பொருளை ஈட்டும் வழிகளைக் குறித்து எழுந்த நூல்களும் நிகழும் சொற்பொழிவுகளும் மிகப் பல. ஈட்டியதைப் போற்றிச் செலவிடும் முறையைக் குறித்து எண்ணுவாரோ சிலர். ஓட்டைக் குடத்தில் எத்துணை நீர் முகந்து ஊற்றினும் அது நிறையாதவாறு போல, செலவின் வழிகளை அறியாத இல்லத்தில் எத்துணை வருவாய் வந்தாலும் அது நில்லாது. ஆதலின் இல்லத்துச் செட்டைப்பற்றி எம் சிற்றறிவிற்கு எட்டிய சில கருத்துக்களை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் செட்டு என்பது யாதென ஆராய்வோம். வேண்டிய இடத்தும் கொடாது பொருளைப் பூட்டி வைப்பவன் கருமி. வேண்டாத இடத்தும் வாரி இறைப்பவன் ஊதாரி. இவ்விருவரும் பொருளின் பயனை அறியாதவரே. வேண்டிய இடத்தில் மனமுவந்து கொடுத்தற்பொருட்டு வேண்டாத இடத்தில் கையை மூடிக்கொள்பவன் எவனோ, அவனே செட்டானவன். ஆகவே செட்டு என்பது செலவைக் குறைத்தல் மட்டுமன்று. ஒரு பொருளை அதன் முழுப் பயனும் பெறும்வரை கைவிடாதிருத்தலும் ஆகும்.

இவ்வறிவு நம் நாட்டு அடுக்களைக்குப் புதியதன்று. அரிசி களைந்த நீர் கழுநீர்ப் பானைக்குச் சென்று மாட்டுக்கு உணவாயிற்று. வடித்த கஞ்சி பருத்தி ஆடைக்கு விறைப்பளித்தது. இரவில் எஞ்சிய சோறு நீரில் ஊறி, விடியலில் வயலுக்குச் செல்வோரின் பசி தீர்த்தது. பிழிந்த புளியின் சக்கை பித்தளைப் பாத்திரத்தைத் துலக்கியது. பீர்க்கங்காயின் தோல் துவையலாயிற்று. பாட்டியின் பழஞ்சேலை பேரனுக்குத் தூளியாகி, தூளியும் நைந்தபின் அடுப்படிக் கரித்துணியாயிற்று. தன்னால் இயன்ற பயனையெல்லாம் அளித்து முடித்த பின்னரே ஒரு பொருள் அவ்வில்லத்தை விட்டு நீங்கிற்று. அப்பழமை முழுவதும் மீள வேண்டுமென யாம் கூறவில்லை. நகரத்து அடுக்கு வீடுகளில் மாடும் இல்லை. கழுநீர்ப் பானைக்கு இடமும் இல்லை. ஆனால் ‘இதற்கு இன்னும் ஒரு பயன் உண்டோ?’ என்று எறிவதற்கு முன் வினவும் பழக்கத்திற்கு இடம் வேண்டுவதில்லை, மனமே வேண்டும்.

இக்காலத்து நிலை யாது? ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் வீணான உணவு 105 கோடி டன். இதில் நூற்றுக்கு 60 பங்கு வீடுகளிலேயே வீணாயிற்றாம். நம் நாட்டு வீடுகளில் ஆள் ஒன்றுக்கு ஆண்டில் 55 கிலோ என அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. தோல், எலும்பு முதலிய உண்ணாப் பகுதிகளும் இக்கணக்கில் அடங்குமெனினும், நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிராம் என்பது சிறிதன்று. விருந்து மண்டபங்களைக் குறைகூறுவது நமக்கு எளிது. நம் வீட்டுக் குளிர்பெட்டியின் பின்தட்டில் மறக்கப்பட்டுக் கெட்ட குழம்பையும், விடுதி உணவுக்கூடத்தில் நாம் தட்டில் விட்டெழும் சோற்றையும் எண்ணிப் பார்த்தல் அரிது.

இனி மின்சாரத்தை நோக்குவோம். 60 வாட் இழைவிளக்கு ஒன்று நாள்தோறும் 5 மணி நேரம் எரியுமாயின் 30 நாளில் 9 யூனிட் செலவாகும். ஏறக்குறைய அதே அளவு ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கிற்கு 1.35 யூனிட்டே போதும். இதனைப் பெரும்பாலோர் அறிந்து விளக்கை மாற்றிக்கொண்டனர். ஆனால் ஆளில்லா அறையில் 75 வாட் மின்விசிறி ஒன்று நாள்தோறும் 4 மணி நேரம் வீணே சுழலுமாயின், அதுவும் 30 நாளில் 9 யூனிட்டை உண்டுவிடும். புதுவிளக்கு மிச்சப்படுத்தியதை மறதி விழுங்கி, மேலும் கேட்கிறது! கருவியை மாற்றுதல் பாதி. கருத்தை மாற்றுதலே மற்றப் பாதி என்பது இதனால் விளங்கும்.

அடுப்பின் செய்தியும் இத்தகையதே. திறந்த பாத்திரத்தில் நீர் கொதிநிலையை அடைந்தபின் தீயைப் பெருக்குவதால் அதன் வெப்பம் மேலும் உயர்வதில்லை. நீர் விரைந்து ஆவியாதலே மிகும். பருப்பை முன்னரே ஊறவைத்தலும், பாத்திரத்தை மூடுதலும், கொதித்தபின் தீயைத் தணித்தலும் எரிவாயுவைச் சில நாட்களேனும் கூடுதலாக நிலைக்கச் செய்யும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் தண்ணீர் கொண்டுவரப்பட்டதை யாவரும் அறிவர். அந்நாளில் குடங்களோடு வரிசையில் நின்ற மாநகரம், அடுத்த மழைக்குப் பின் சொட்டும் குழாயை மறந்துவிட்டது. சொட்டுத்தானே என்று எண்ணுவோர் ஓர் இரவு அக்குழாயின் கீழ் வாளியொன்றை வைத்துக் காலையில் பார்ப்பாராக.

இவை பழைய ஓட்டைகள். புதிய ஓட்டைகளும் சில உள. கைபேசியில் விரலால் தொட்டவுடன் உணவு வாயிலில் வந்து நிற்கிறது. பணம் கையிலிருந்து பிரிவது கண்ணுக்குத் தெரிவதில்லை. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது தோன்றும் தயக்கம், தொட்டுச் செலுத்தும்போது தோன்றுவதில்லை. ‘தள்ளுபடி’ என்னும் சொல்லைக் கண்டு, தேவையில்லாததை வாங்கிவிட்டு, இத்துணை ரூபாய் மிச்சம் என மகிழ்கிறோம். வாங்காதிருந்தால் முழுவதுமே மிச்சமன்றோ? தவணையில் வாங்கிய பொருள் பழுதான பின்னும் தவணை பழுதாவதில்லை.

இதுகாறும் கூறியவற்றை நண்பர்களுட் பலர் ஒப்புவர். இனிக் கூறுவதே யாம் இக்கட்டுரையை எழுதத் தொடங்கியதன் காரணம்.

நம் இல்லங்களில் செட்டு என்னும் கடமையை ஏற்று நிற்பவர் யார்? 2016-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லா என அறிவிக்கப்பட்டது. அப்போது யாம் சிறு பிள்ளைகள். கடுகு டப்பாவிலும், அரிசிப் பானையிலும், சேலை மடிப்பிலும் பெண்கள் ஆண்டுக்கணக்கில் ஒருவரும் அறியாமல் சேர்த்து வைத்த சிறுவாடு அந்நாட்களில் வீடுதோறும் வெளிப்பட்டது. கண்டோர் சிலர் நகைத்தனர், சிலர் வியந்தனர். அப்பணம் எங்கிருந்து வந்ததென வினவியவர் சிலரே. அது காய்காரரிடம் பேரம் பேசியதில் வந்தது. நடந்து சென்று பேருந்துக் கட்டணத்தை மீத்ததில் வந்தது. தமக்கென வாங்கவேண்டியதை வாங்காது விட்டதில் வந்தது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கும், திடீரென வரும் மருத்துவச் செலவிற்கும் அதுவே துணையாயிற்று.

எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை மறையாது கூறுவோம். சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் வீட்டிற்குச் சென்றபோது, எம் அன்னையாரின் மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு முறிந்து நூலால் கட்டப்பட்டிருக்கக் கண்டோம். மாற்றலாகாதோ என வினவியதற்கு, “இருக்கட்டும், இன்னும் ஒரு வருஷம் ஓடும்” என்றனர். அவ்வாரத்திலேதான் எம் கைபேசிக்குரிய மூன்று திங்கட் கட்டணத்தை அவர்கள் ஒரு சொல்லும் சொல்லாது கொடுத்திருந்தனர். அன்று இரவு அக்கண்ணாடியோடு அவர்கள் வேதபுத்தகத்தை விளக்கிற்கு அருகே சாய்த்துப் படித்ததைக் கண்டு நாணினோம். எம் தாயின் செட்டைப் பலமுறை புகழ்ந்தோம். அது எவருடைய வீண்செலவை ஈடுசெய்கிறதென ஒருமுறையும் எண்ணினோமில்லை.

ஒருவர் இறைப்பதும், மற்றொருவர் அதனை ஈடுசெய்யத் தம் வயிற்றையும் கண்ணையும் சுருக்குவதும் செட்டாகாது. எல்லோரும் உண்ட பின் எஞ்சியதை உண்டு, எஞ்சாத நாளில் மோரோடு அமையும் தாயைச் ‘சிக்கனமான இல்லாள்’ எனப் போற்றுவது, அவர்தம் பசிக்கு அழகிய பெயர் சூட்டுவதேயாம். செட்டு இல்லம் முழுவதற்கும் உரிய கடமை. அதிகம் செலவிடுவோர்க்கு அதிகம் உரியது. அவ்வகையில் மாணவராகிய நமக்கே முதற்கண் உரியது.

ஈண்டு ஒரு தடை எழலாம். ‘வறியோர் இல்லத்தில் வீணாவதற்கு யாது உளது? அவர்க்குச் செட்டு போதித்தல் புண்ணில் கோல் இடுவதன்றோ?’ என்பர். உண்மையே. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்போர்க்கு வேண்டுவது நல்ல கூலியேயன்றி நம் உபதேசமன்று. செட்டின் நுட்பங்களை நாம் அவரிடமிருந்து கற்றல் வேண்டும். இக்கட்டுரை வீணாக்கும் அளவிற்கு வாய்ப்புப் பெற்றோரை நோக்கியதே.

ஆயின் யாது செய்வது? யாம் வேண்டுவன மூன்றே. ஒன்று, வீட்டுக் கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி அனைவரும் காணுமாறு வைத்தல். தாயின் தலைக்குள் மட்டும் கணக்கு இருத்தல் கூடாது. இரண்டு, இல்லத்தார் ஒவ்வொருவரும் ஓர் ஓட்டையை அடைக்கும் பொறுப்பை ஏற்றல். மின்விசிறியை ஒருவரும், குழாயை ஒருவரும், குளிர்பெட்டியின் பின்தட்டை ஒருவரும் காத்தல் எளிது. மூன்று, மிஞ்சும் பொருளுக்கு ஒரு நோக்கம் வைத்தல். நோக்கமில்லாச் சேமிப்பு அடுத்த தள்ளுபடியில் கரைந்துவிடும். அன்னையரும் பாட்டியரும் தமக்கெனத் தள்ளிப்போட்டவையே அந்நோக்கங்களுள் முதலாவதாக நிற்றல் முறை.

நோக்கத்தோடு கூடிய செட்டு சுமையாகத் தோன்றாது என்பதற்குத் திருநெல்வேலிப் பகுதிக் கிறிஸ்தவ இல்லங்களின் பிடியரிசியே சான்று. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறொரு கலயத்தில் இடுவர். அது கோயிலுக்குக் காணிக்கையாய்ச் சேரும். அந்த ஒரு பிடியால் அவ்வில்லத்தில் எவரும் பசித்ததில்லை. ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேரை உண்பித்த பெருமானும், எஞ்சிய துணிக்கைகள் வீணாகாதவாறு சேர்க்கப் பணித்தார் என்றும், அவை பன்னிரண்டு கூடைகளை நிறைத்தன என்றும் சுவிசேஷம் கூறும். வேண்டுமளவு படைக்கவல்லவரே துணிக்கையைப் போற்றினரெனின், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நம்மனோர் கூறத்தக்கது யாது?

நண்பர்களே! அடுத்த விடுமுறைக்கு வீடு செல்லும்போது, நம் தாயர் எதனை நூலால் கட்டி வைத்திருக்கின்றனர் என்று நோக்குவோமாக. எம் அன்னையாரின் கண்ணாடிக்குப் புதுக் காம்பு வந்துவிட்டது. அதற்காக யாம் இழந்தது சில வாரத்து மாலைச் சிற்றுண்டியே.