மலையா கொன்றது?

1902ம் வருஷம் மே மாதம் 8ந் தேதி காலை 8 மணி. மேற்கிந்தியத் தீவுகளில் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்துக்குச் சொந்தமாயிருந்த மர்த்தினிக் தீவில் பெலே என்ற எரிமலை வெடித்தது. அதன் அடிவாரத்திலிருந்த சேன் பியேர் பட்டணம் ஒருசில நிமிஷங்களில் சாம்பலாயிற்று. சுமார் 28,000 பேர் மாண்டனர்.

இயற்கையின் சீற்றம் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். தலைவிதி என்றார்கள் சிலர். ஆண்டவன் கோபம் என்றார்கள் இன்னும் சிலர். இன்றும் அதையேதான் சொல்லி வருகிறார்கள்.

நாம் இதை மறுக்கிறோம். மலை வெடித்தது உண்மை. ஆனால் மலை திடீரென்று வெடிக்கவில்லை. வாரக்கணக்காக எச்சரித்துவிட்டுத்தான் வெடித்தது. அப்படியிருக்க, அத்தனை ஜனங்களையும் அங்கேயே கட்டிப் போட்டது எது? இதுதான் நமது கேள்வி.

எங்கோ ஏழு கடலுக்கு அப்பாலுள்ள மலையைப் பற்றிப் புதுச்சேரித் தொழிலாளிக்கு என்ன கவலை என்று கேட்கலாம். கவலை உண்டு. 1853 மே 6ந் தேதி, ஒரேலி என்ற கப்பல் பிரெஞ்சிந்தியாவில் ஏற்றிய 300க்கு மேற்பட்ட கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது இதே சேன் பியேர் துறையில்தான். மர்த்தினிக் மண்ணை மிதித்த முதல் தமிழர் கூட்டம் அது. அடுத்த 30 ஆண்டுகளில் 25,000க்கும் அதிகமானோர் அந்தத் தீவுக்குப் போயினர். அவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள். பஞ்சத்தில் அடிபட்டு, மேஸ்திரிகளின் ஆசைவார்த்தையை நம்பிப் போன ஏழை ஜனங்கள். ஆகவே அந்த மலையின் கதை நம்முடைய கதையும்தான்.

பெயர் மொட்டை, மேலெல்லாம் காடு

பெலே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மொட்டை என்று அர்த்தம். ஆனால் இந்த மொட்டை மலையின் உடம்பெல்லாம் அடர்ந்த காடு. உயரம் 1,397 மீட்டர். நம் ஏற்காட்டைவிடச் சற்றே தாழ்வு. கிழக்கேயிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி ஓயாமல் மழை பெய்கிறது. உச்சியில் ஆண்டுக்கு 5,000 மில்லி மீட்டருக்கும் மேல். மரம்போல் வளரும் பெரணிகளும், பாசி படர்ந்த பெருமரங்களும் அங்கே உண்டு. அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் காணமுடியாத ஒரு சிறு தவளைக்கு எரிமலைத் தவளை என்றே பெயர்.

மலை ஏன் வெடிக்கிறது? அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடித்தளம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டி மீட்டர் வீதம் கரீபியக் கடலின் அடித்தளத்துக்குக் கீழே புகுந்து புதைகிறது. புதையும் பாறையோடு நீரும் உள்ளே போகிறது. அந்த நீர் ஆழத்திலுள்ள சூடான பாறையை உருக வைக்கிறது. உருகிய குழம்பு கெட்டியானது. அதிலுள்ள ஆவி எளிதில் வெளியேறாது. பாய்லரில் வால்வு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் நடக்கிறது. இதில் ஆண்டவன் கோபமும் இல்லை, தலைவிதியும் இல்லை.

யாருடைய மண்?

இந்த மலையை முதலில் அறிந்தவர்கள் கரீப் ஆதிக்குடிகள். காட்டிலுள்ள கோமியே மரத்தைக் குடைந்து ஓடம் செய்து கடலோடியவர்கள். 1635ல் பிரெஞ்சுக்காரர்கள் சேன் பியேரில் கோட்டை கட்டினர். 1658ல் கரீப் மக்களோடு யுத்தம் நடத்தி, கொன்றவர் போக மிஞ்சியவர்களைத் தீவைவிட்டே துரத்தினர்.

பிறகு வந்தது கரும்பு. கரும்புக்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் பிணைத்துக் கொண்டு வந்தார்கள். எரிமலைச் சாம்பல் கலந்த வளமான அடிவாரக் காட்டை அந்த அடிமைகளின் கையாலேயே வெட்டி அழித்தார்கள். மேலே காடு தப்பியது எப்படி? தோட்ட முதலாளிகளுக்குக் காட்டின் மீதிருந்த அன்பினால் அல்ல. அந்தச் செங்குத்துச் சரிவிலும் மழையிலும் கரும்பு விளையாது. அதனால்தான் விட்டுவைத்தார்கள்!

1848 மே 22ந் தேதி சேன் பியேரில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறுநாள் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. இதற்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். யாருக்கு? தலைமுறை தலைமுறையாக முதுகில் சவுக்கடி வாங்கியவனுக்கு அல்ல, சவுக்கைப் பிடித்திருந்தவனுக்கு! விடுதலை பெற்ற கறுப்பர்கள் நியாயமான கூலி கேட்டபோது, அந்தக் கூலியை மட்டந்தட்ட முதலாளிகள் கண்ட வழிதான் தமிழ்க் கூலி. ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று விலங்கு பூட்டி நம்மவரை இறக்கினார்கள். ஏழையோடு ஏழையை மோதவிட்டு இலாபம் பறிக்கும் இந்த வித்தையை நமது தொழிலாளர்கள் நன்கு அறிவார்கள்.

மலையின் வடக்குச் சரிவில் பாஸ் புவாந்த் என்ற ஊர்ப்பக்கம் நம்மவர் ஏராளமாக உழைத்தனர். அங்கே மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர். மதுரை வீரன் மல்தேவிதான் ஆனான். மொழி தேய்ந்து போயிற்று. வியர்வை மட்டும் தேயவில்லை.

மலை எச்சரித்தது

1902ம் ஆண்டின் துவக்கத்திலேயே மலையிலிருந்து கந்தக நெடி கிளம்பியது. ஏப்ரல் கடைசியில் புகையும் சாம்பலும் எழுந்தன. மே 2ந் தேதி இரவு பெருமுழக்கத்துடன் சாம்பல் மழை கொட்டியது. மலையிலிருந்த எறும்புகளும் பூரான்களும் கூட்டங்கூட்டமாக இறங்கி, ஆற்றோரத்திலிருந்த கெரென் சர்க்கரை ஆலைக்குள் புகுந்தன. பூச்சிக்குத் தெரிந்துவிட்டது! மே 5ந் தேதி எரிவாயில் தேங்கியிருந்த நீர் உடைப்பெடுத்தது. கொதிக்கும் சேறு பாய்ந்து அதே ஆலையைப் புதைத்தது. 20க்கும் மேற்பட்டோர் அங்கே மடிந்தனர்.

இதைவிட என்ன எச்சரிக்கை வேண்டும்?

ஆனால் பட்டணத்தில் என்ன பேச்சு? மே 11ந் தேதி இரண்டாம் சுற்றுத் தேர்தல். ஓட்டுப் போட ஆள் வேண்டும். துறைமுகத்தில் சர்க்கரையும் ரம்மும் ஏற்றுமதியாக வேண்டும். பட்டணத்துப் பத்திரிகை, சேன் பியேரைவிடப் பத்திரமான இடம் எது என்று கேட்டு எழுதியது. கவர்னர் மூத்தே அமைத்த கமிஷன், பட்டணத்துக்கு ஆபத்தில்லை என்று மே 7ந் தேதி அறிக்கை விட்டது. அதே தினம் பக்கத்து சேன் வின்சென்ட் தீவில் சூஃப்ரியேர் எரிமலை வெடித்துச் சுமார் 1,600 பேரைப் பலிகொண்டது.

ஒருவர் துணிந்து கிளம்பினார். இத்தாலியக் கப்பல் தலைவர் லெபோஃப், வெசுவியஸ் எரிமலையைப் பார்த்து வளர்ந்தவர். சர்க்கரையைப் பாதி ஏற்றிய நிலையிலேயே நங்கூரம் எடுத்தார். சரக்கு முதலாளிகள் மிரட்டினர். அவர் அசையவில்லை, உயிர் தப்பினார். அவர் கையில் கப்பல் இருந்தது. கூலிக்காரன் கையில் என்ன இருந்தது? வேலையை விட்டு ஓடினால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி எங்கே?

மறுநாள் காலை, கனல் கக்கும் மேகம் ஒன்று மலைச்சரிவில் புயல் வேகத்தில் இறங்கியது. பட்டணத்துக்குள் சிக்கி உயிரோடு மிஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள். அவர்களில் ஒருவர் கனத்த கல்லறைக்குள் பூட்டப்பட்டிருந்த சிப்பாரி என்ற கைதி. இன்னொருவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி.

அவர்களுக்கும் தெரியாதே!

கனல் மேகம் என்ற ஒன்றை அன்றைய விஞ்ஞானம் அறியாது. கவர்னரும் மனைவியோடு அங்கேயே மாண்டார். முதலாளிகளும் குடும்பத்தோடு மாண்டனர். அப்படியிருக்க அவர்களை எப்படிக் குறை சொல்லலாம் என்று சிலர் வாதிக்கிறார்கள்.

உண்மைதான். யாரோ ஒரு கொடியவன் திட்டமிட்டு 28,000 பேரைக் கொன்றான் என்று நாம் சொல்லவில்லை. சாவின் ரூபம் அவர்களுக்குத் தெரியாது; சாவு வருகிறது என்பதுமா தெரியாது? ஆலையே புதைந்த பிறகும், ஜனங்களை வெளியேற்றினால் ஆகும் செலவையும் நிற்கும் வியாபாரத்தையும்தான் அந்த அமைப்பு கணக்குப் பார்த்தது. இலாபம் எஜமானனின் கண்ணையும் சேர்த்தே குருடாக்கும் என்பதற்கு அந்தக் கவர்னரே சாட்சி!

மே 8க்குப் பிறகாவது புத்தி வந்ததா? அதுவும் இல்லை. அகதிகளாக ஓடிய வடக்குப் பகுதி ஜனங்களை ஊர் திரும்பச் சொன்னார்கள். திரும்பினார்கள். ஆகஸ்ட் 30ந் தேதி மலை மீண்டும் வெடித்தது. மோர்ன் ரூஜ் முதலிய ஊர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தனர். அப்போது கனல் மேகம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இதற்கு என்ன சமாதானம்?

இன்னொரு சாட்சியம் கேளுங்கள். 1929ல் அதே பெலே மலை மீண்டும் வெடித்தது. 1932 வரை நீடித்தது. இம்முறை ஜனங்களை வெளியேற்றினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. 1976ல் பக்கத்து குவாதெலூப் தீவில் இன்னொரு சூஃப்ரியேர் மலை சீறியது. சுமார் 73,000 பேரை அப்புறப்படுத்தினார்கள். ஒருவரும் சாகவில்லை. 1902ல் வெடித்ததும் 1929ல் வெடித்ததும் ஒரே மலை. மலை மாறவில்லை, மனிதர்கள் செய்த முடிவுதான் மாறியது.

நெருப்பு அடங்கியது, நஞ்சு வந்தது

1902ல் கருகிய சரிவுகளைக் காடு மீண்டும் மூடிக்கொண்டது. மலை தான் அழித்ததைத் தானே வளர்க்கிறது. மனிதனின் இலாபவெறி செய்த நாசம் அப்படி ஆறுவதில்லை.

கரும்புக்குப் பிறகு அச்சரிவுகளில் வாழைத் தோட்டங்கள் வந்தன. வாழைக்கிழங்கைத் துளைக்கும் வண்டைக் கொல்ல 1972 முதல் குளோர்டெகோன் என்ற நஞ்சைக் கொட்டினர். 1974 பிப்ரவரியில் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, அந்த நஞ்சை நிறுத்து என்பதும் அவர்களது கோரிக்கை. 14ந் தேதி பாஸ் புவாந்த் ஊரின் ஷல்வே தோட்டத்தில் போலீஸ் சுட்டது. இல்மனி என்ற 55 வயதுத் தொழிலாளி மாண்டார். 1936 ஜூலை 30ந் தேதி நம் புதுச்சேரியில் 12 பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பலிகொண்ட துப்பாக்கியும் அதே பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கிதான் என்பதை நாம் மறக்கவில்லை.

தொழிலாளி சொன்னதைக் கேட்டார்களா? பிரான்சில் 1990ல் அந்த நஞ்சைத் தடுத்தார்கள். மர்த்தினிக்கிலோ 1993 வரை அனுமதித்தார்கள்! எரிமலை மண் அந்த நஞ்சை இறுகப் பிடித்துக்கொள்ளும், நூற்றாண்டுகள் விடாது. அத்தீவின் வயதுவந்தோரில் 100க்கு 90 பேருக்கு மேல் இரத்தத்தில் அந்த நஞ்சு இருப்பதைப் பரிசோதனைகள் காட்டிவிட்டன. வண்டைக் கொல்லவந்த மருந்து கூலிக்காரனின் வயிற்றில் குடியேறிவிட்டது.

2023ல் பெலே மலையையும் அதன் காட்டையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. நாம் வரவேற்கிறோம். காடும் தவளையும் வாழட்டும். ஆனால் காட்டின் பெருமையைப் பேசுகிறவர்கள், கீழே அந்த மண்ணை வெட்டிப் பண்படுத்திய கறுப்பனையும் தமிழனையும் சேர்த்தே பேச வேண்டும்.

இங்கே என்ன?

நம் ஊரில் எரிமலை இல்லை. புயலும் வெள்ளமும் உண்டு. 2011 டிசம்பர் 30ல் தானே வந்தது. 2024 நவம்பர் 30ல் பெஞ்சல் வந்தது. ஒரே நாளில் 46 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்ப் பக்கத்து வயல்கள் மூழ்கின. உடனே இயற்கையின் சீற்றம் என்ற அதே பல்லவி!

இன்று வானிலை இலாகா நாட்கணக்கில் முன்கூட்டிச் சொல்லுகிறது. நல்லது. ஆனால் தாழ்வான குப்பத்தில் இருக்கும் விவசாயக் கூலியும் கட்டிடத் தொழிலாளியும் மூன்று நாள் வேலையை விட்டு முகாமில் உட்கார்ந்தால் அடுப்பு எரிவது எப்படி? ஓடு என்று சொல்வது பாதி வேலை. ஓடுகிறவனுக்குச் சோறும், அவன் போட்டுவிட்டு வரும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடிசைக்கும் பொறுப்பும் சேர்ந்தால்தான் அது முழு எச்சரிக்கை.

ஆகவே நாம் கேட்கிறோம். எச்சரிக்கை நாட்களுக்குச் சர்க்கார் கூலி கொடுக்க வேண்டும். நிவாரணமாக அல்ல, உரிமையாக. தாழ்வான இடத்து ஏழைகளுக்கு மேட்டில் மனைப்பட்டாவும் உறுதியான வீடும் வேண்டும். நெல் வயலில் மருந்து அடிக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் முகமூடியும் வைத்தியமும் சட்டப்படி கிடைக்க வேண்டும். கப்பலேறிய நம் முன்னோரின் சரித்திரத்தை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டும்.

கிராமம் கிராமமாக, பேட்டை பேட்டையாக இக்கோரிக்கைகளைக் கொண்டு செல்வோம். அடுத்த மழைக்காலம் வருமுன் கையெழுத்து வாங்குவோம், ஊர்வலம் நடத்துவோம். மலையை நிறுத்த மனிதனால் முடியாது. ஆனால் மலையடிவாரத்தில் மனிதனைக் கட்டிப்போடும் கயிற்றை அறுக்க முடியும். அதை அறுக்க வேண்டியவர்கள் நாம்தான்.